முகம் திருப்பாத கிரகம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். மலைப்பாதை வளைவில் ஒருமுறை வாந்தி எடுத்தேன், அதைத் தவிர உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? புது வீடு பழகிவிட்டதா?

எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு, அதுவும் ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிறவளுக்கு, யார் வேலை கொடுப்பார்கள் என்று கவலைப்பட்டாயே. இங்கே பேசாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். தொலைநோக்கியில் வேலை செய்கிறவர்கள் இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குகிறார்கள். அவர்கள் தங்கும் விடுதியில் எல்லா ஜன்னலுக்கும் கனத்த கறுப்புத் திரை. பகலில் பாத்திரம் உருட்டக் கூடாது, செருப்பு போட்டு நடக்கக் கூடாது, யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நான் படுக்கை விரிப்பு மாற்றுகிறேன், தரை துடைக்கிறேன், அவர்கள் எழுந்ததும் தேநீரும் ரொட்டியும் வைக்கிறேன். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, "இவ நடக்கறாளா மிதக்கறாளான்னே தெரியலையே" என்று சமையல்காரரிடம் சொன்னார். பாராட்டு என்றுதான் நினைக்கிறேன்.

போனில் கூப்பிடு என்று சொல்லிவிடாதே. செல்போனுக்கு இங்கே சிக்னல் இல்லை. அலுவலகத்தில் ஒரு போன் உண்டு. அதில் பேசினால் விடுதி அம்மாவுக்கு எதிரே நின்று பேச வேண்டும், என்னால் முடியாது. செவ்வாய்க்கிழமை சாமான் வேனில் தபால் வரும், போகும். அது போதும்.

நேற்று அவர்கள் சாப்பிடும்போது ஒரு கிரகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் எப்போது பார்த்தாலும் கொட்டாவி விடுவார். மனதுக்குள் கொட்டாவி அக்கா என்று பெயர் வைத்திருக்கிறேன். அவருடைய கிரகம்தான் அது. நம்முடைய பெரிய கிரகங்களைப் போல முழுக்க வாயுவால் ஆனதாம். ஆனால் தன் நட்சத்திரத்தை அப்படி ஒட்டிக்கொண்டு சுற்றுகிறதாம். "ஒரு நாளும் கொஞ்சமும் ஆனா அதுக்கு ஒரு வருஷம் முடிஞ்சிடும்" என்றார். "அப்போ தினம் பிறந்தநாளா? கேக் வாங்கியே ஓட்டாண்டி ஆயிடுமே" என்றார் இன்னொருவர். எனக்குச் சிரிப்பு வந்து தட்டோடு உள்ளே ஓடிவிட்டேன்.

இன்னொன்றும் சொன்னார். அந்தக் கிரகத்தின் ஒரே பக்கம்தான் எப்போதும் நட்சத்திரத்தைப் பார்த்தபடி இருக்குமாம். முகத்தைத் திருப்பவே திருப்பாதாம். கல்யாணத்தன்று அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாயே, அந்த முகம் நினைவுக்கு வந்தது. கொடுத்துவைத்த கிரகம்.

தையல் மெஷினை எங்கே வைத்திருக்கிறாய்? அத்தானைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஜனவரி 27

அடி ஊமைக்கோட்டான்,

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிறவள் காகிதத்தில் இத்தனை பேசுவாயா? நாங்கள் இருவரும் சுகம். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? குளிருக்குக் காலுறை இருக்கிறதா, இல்லையென்றால் சொல்.

வீட்டைப் பற்றிக் கேட்டாயே. முன்னால் மருந்துக்கடை, பின்னால் இரண்டு அறை, ஒரு சமையலறை. வீட்டுக்கென்று தனி வாசல் கிடையாது. வெளியே போக வேண்டுமென்றால் மருந்து அலமாரிகளுக்கு நடுவே நடந்து, கடையில் குறுக்கே கிடக்கிற முன்பலகை வரை வர வேண்டும், உன் அத்தான் அதைத் தூக்கி வழிவிட வேண்டும். மகாராணிக்குத் திறப்பது போலத் திறந்துவிடுவார், வந்தவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. மெஷினைப் பின்சந்து ஜன்னலுக்குக் கீழே போட்டிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரி மூன்று தலையணை உறை தைக்கக் கொடுத்திருக்கிறாள். பேசிப் பேசியே காதில் ரத்தம் வரவைத்துவிடுவாள். உன்னையும் அவளையும் கலந்து பாதியாகப் பிரித்தால் இரண்டு நல்ல மனுஷிகள் கிடைப்பார்கள்.

கடையில் அத்தானுக்கு நல்ல பெயர். யார் வந்தாலும் குரல் உயராது. கிழவர்கள் எல்லாம் "தம்பி கையால வாங்கினாலே பாதி நோய் போயிடும்" என்கிறார்கள்.

கொட்டாவி அக்காவிடம் ஜாக்கிரதை, ஒட்டிக்கொள்ளும். உடம்பைக் கவனி. செவ்வாய்தோறும் எழுது.

உன் அக்கா

சின்னவளுக்கு: உன் கடிதத்தைப் படித்தேன். அந்தக் கிரகம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அக்காவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். அதைப் பற்றி நிறைய எழுது. உன் அத்தான்.


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இங்கே எல்லாரும் சௌக்கியம், எனக்கு மட்டும் கொஞ்சம் சளி. உங்கள் நலத்துக்கு எழுதவும். காலுறை இருக்கிறது.

அத்தான் கேட்டதால் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டேன். அந்தக் கிரகத்தில் தரையே கிடையாதாம். கால் வைக்க ஓர் இடம் இல்லை. உள்ளே போகப் போக அழுத்தம்தான் கூடுமாம். இன்னொரு ஆச்சரியம், அது பிறந்தது அங்கே இல்லையாம். அவ்வளவு சூட்டில் அத்தனை பெரிய வாயு உருண்டை உருவாக முடியாதாம். எங்கேயோ தூரத்தில், குளிரில் உருவாகி, பிறகு உள்ளே நகர்ந்து வந்திருக்க வேண்டுமாம். "எது தள்ளிச்சு, எது இழுத்துச்சுன்னு யாருக்கும் சரியாத் தெரியாது" என்றார் கொட்டாவி அக்கா. "வந்த பிறகு எல்லாமே இயல்பாத்தான் தெரியும்."

நானும் நீயும் அம்மா போன பிறகு அந்த ஒற்றை அறையில் இருந்தோமே, அது குளிராகத்தான் இருந்தது. சூடான இடத்துக்குப் போனாய் என்று நினைத்துக்கொண்டேன்.

தலையணை உறை முடிந்ததா? எதிர்வீட்டுக்காரி இப்போது எதைப் பற்றிப் பேசுகிறாள்? அதையெல்லாம் எழுது, எனக்கு இங்கே சிரிக்க ஆள் இல்லை. இருவரும் நன்றாக இருங்கள்.

உங்கள் தங்கை


மார்ச் 24

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, பதில் எழுதத் தள்ளிப்போய்விட்டது.

மெஷினை விற்றுவிட்டோம். அதன் சத்தம் கடைக்கு வருகிறவர்களுக்குத் தொந்தரவு என்று அத்தான் சொன்னார், அது நியாயம்தான். அந்த இடத்தில் மருந்துப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார். அடுக்கு ஜன்னலை மூடுகிற உயரத்துக்கு வந்துவிட்டது. வெயில் படாததால் அறை குளுமையாக இருக்கிறது. எதிர்வீட்டுக்காரி இப்போது வருவதில்லை. என் செல்போன் கடையில் இருக்கிறது, வேண்டும்போது அத்தான் தருவார்.

அடிக்கடி தலைவலி வருகிறது. அத்தான் மாத்திரை தருகிறார். வீட்டிலேயே மருந்துக்கடை இருப்பதில் இது ஒரு வசதி. நன்றாகத் தூக்கம் வருகிறது. சில நாள் மத்தியானம் படுத்தால் விளக்கு வைத்த பிறகுதான் எழுகிறேன்.

உன் கிரகத்தைப் பற்றி இங்கே தினமும் பேச்சுத்தான். நான் வேறு பக்கம் பார்த்தால், "கிரகம் திரும்புதே" என்பார். விளையாட்டாகத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 6

என் அக்காவுக்கு,

எனக்குச் சளி போய்விட்டது. உன் தலைவலி எப்படி இருக்கிறது? வேறு மருத்துவரிடம் காட்டினாயா? என்ன மாத்திரை அது?

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நீ என்னை ஊமைக்கோட்டான் என்று கூப்பிடவில்லை. ஒரு இடத்தில்கூடக் கேலி இல்லை. மெஷினை வாங்க நீ எத்தனை பேருக்குத் துணி தைத்தாய் என்று எனக்குத் தெரியும். அதை விற்றதைப் பால் வாங்கியது போல எழுதியிருக்கிறாய்.

முதல் கடிதத்தில் கிரகத்தைப் பற்றி நான் எழுதியது தப்பு. பாதி கேட்டுவிட்டு எழுதிவிட்டேன். அது நட்சத்திரத்தை ஆசையாகப் பார்க்கவில்லை. அத்தனை பக்கத்தில் போனதால் அதனால் திரும்ப முடிவதில்லை, இழுவிசை அதைப் பிடித்து நிறுத்திவிட்டது. பார்க்கும் பக்கம் இரும்பே ஆவியாகிற சூடு. மறுபக்கத்துக்கு விடியலே கிடையாது. அதன் மேலே இருக்கிற வாயு உரிந்து உரிந்து வெளியே போய்க்கொண்டிருக்கிறதாம். ஒவ்வொரு வருடமும் அது சுற்றும் நேரம் துளித் துளியாகக் குறைகிறதாம், அப்படியென்றால் இன்னும் நெருங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். "கடைசியில என்ன ஆகும்?" என்று சமையல்காரர் கேட்டார். "நட்சத்திரம் விழுங்கிடும்" என்றார் கொட்டாவி அக்கா. அன்று அவர் கொட்டாவி விடவில்லை.

அக்கா, எனக்கு இந்த மாதக் கடைசியில் நான்கு நாள் விடுமுறை கிடைக்கும். அங்கே வரட்டுமா? தரையில் படுத்துக்கொள்கிறேன். வா என்று ஒரு வார்த்தை எழுது. உடனே எழுது.

உன் ஊமைக்கோட்டான்


ஏப்ரல் 21

அன்புள்ள சின்னவளுக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கே யாவரும் க்ஷேமம். நீயும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

உன் கடிதம் வந்தது. உன் அக்காவிடம் கொடுக்கவில்லை. உனக்கு வருத்தமாக இருக்கலாம், ஆனால் அவள் மனம் இப்போது மிகவும் மெல்லியது. விழுங்குவது, உரிவது என்றெல்லாம் படித்தால் தூக்கம் கெடும். தூக்கம்தான் அவளுக்கு இப்போது மருந்து.

அந்தக் கிரகத்தைப் பற்றி நீ முதலில் எழுதியதுதான் சரி. சின்ன மனதுக்குத்தான் உண்மை சட்டென்று தெரியும். அந்தப் பகுதியை மட்டும் கத்தரித்துச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். காலையில் தேயிலை எடுக்கக் கதவைத் திறந்தால் அவள் கண்ணில் படும்.

விடுமுறைக்கு வர வேண்டாம், இங்கே இடம் போதாது. படிக்காத பெண் தனியாக ஊர் ஊராக அலைவதும் நன்றாக இல்லை. இனி அக்காவுக்குப் பதிலாக நானே உனக்கு எழுதுகிறேன். உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் நலம் நாடும் அத்தான்


மே 11

விடுதி அம்மாவுக்கு வணக்கம்.

மாடியில் படுக்கை விரிக்கும் பெண் எழுதுகிறேன். நீங்கள் நலம்தான் என்று தெரியும், காலையில் பார்த்தேன். ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு கதவுக்கு அடியில் கடிதம் தள்ளுவதற்கு மன்னிக்க வேண்டும். மூன்று முறை உங்கள் அறை வாசல் வரை வந்தேன். நாக்கு எழவில்லை.

என் அக்காவைப் பற்றி. ஐந்து மாதத்துக்கு முன் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. அதற்கு முன் என்னை வளர்த்தவள் அவள்தான். அவளுடைய கணவர் அவளை அடித்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் எதையும் சொல்லவில்லை. ஆனால் நம் தொலைநோக்கியில் அந்தக் கிரகத்தை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை என்று சாப்பாட்டு மேசையில் கேட்டேன். நட்சத்திரத்தின் வெளிச்சத்தைத்தான் பார்க்கிறார்களாம். அது கொஞ்சம் குறைந்தால், குறுக்கே எதுவோ போகிறது என்று தெரிந்துகொள்கிறார்களாம். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. முதலில் மெஷின் இல்லை. பிறகு ஜன்னல் இல்லை, எதிர்வீட்டுப் பெண் இல்லை, போன் இல்லை, சிரிப்பு இல்லை. இப்போது கடிதமும் இல்லை.

போன வாரம் ஊருக்குப் போன நம் ஆய்வாளர் அக்காவிடம் (எப்போதும் கொட்டாவி விடுவாரே, அவர்) ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அத்தானின் மருந்துக்கடைக்குப் போய்த் தலைவலி மாத்திரை வாங்கியிருக்கிறார். "உங்க வீட்டம்மா நல்லா தைப்பாங்களாமே, சட்டையில ஒரு பட்டன் போடணும்" என்று கேட்டாராம். "அவங்க தூங்கறாங்கம்மா, உடம்பு கொஞ்சம் சரியில்லை" என்று தேனாகப் பேசினாராம் அத்தான். சாயங்காலம் திரும்பவும் போனாராம். அப்போதும் தூக்கம்தானாம். ஆனால் மருந்து அலமாரிக்குப் பின்னால், உள்வாசலில், ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாளாம். தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போல அவரைப் பார்த்தாளாம். அத்தான் திரும்பியதும் நகர்ந்துவிட்டாளாம். இதைச் சொல்லிவிட்டு, "உன் அக்காவுக்கு உன்னை மாதிரியே கண்ணு" என்றார்.

பகல் திரைகள் எல்லாம் ஓரம் பிரிந்து வெளிச்சம் வருகிறது, தைக்க ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். என் அக்காவைப் போலத் தைக்க யாராலும் முடியாது. அவளைக் கூப்பிட்டு அலுவலகக் காகிதத்தில் ஒரு கடிதம் எழுதுவீர்களா? முத்திரை குத்திய காகிதத்துக்கு அத்தான் மரியாதை கொடுப்பார் என்று நினைக்கிறேன்.

என் அறைத் திரையை நானே தைத்துக்கொண்டேன், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
படுக்கை விரிக்கும் பெண்


மே 11, மாலை

ஏண்டி பொண்ணே,

நானும் சௌக்கியம், என் முட்டியைத் தவிர. உனக்காகவே எழுதறேன், இல்லாட்டி எனக்கும் பேனாவுக்கும் ஆகாது. இத்தனை நாள் நீ சாப்பிடாம மெலியறதைப் பார்த்து, காதல் கீதலோன்னு நினைச்சேன்.

கடிதம் இன்னிக்கே அடிச்சாச்சு, செவ்வாய் வேன்ல போகுது. அவன் ஒத்துக்க மாட்டான். இந்த மாதிரி ஆளை எனக்குத் தெரியும். ஆனாலும் போகட்டும், இப்படி ஒரு இடம் இருக்குன்னு அந்த வீட்டுக்குள்ள ஒரு தடவை கேக்கட்டும்.

அடுத்த தடவை நாக்கு எழலைன்னா உள்ள வந்து சும்மா உக்காரு. நான் கேட்டுக்கறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

கீழ் அறை அம்மா


ஜூன் 3

மதிப்பிற்குரிய விடுதிப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

தங்கள் நலத்தையும் நிறுவனத்தின் மேன்மையையும் விரும்புகிறேன். என் மனைவிக்கு வேலை தர முன்வந்த தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி. அவள் இப்போது தைப்பதில்லை. கைகளில் நடுக்கம் இருக்கிறது. வீட்டை விட்டு வெளியே போக அவளே விரும்புவதில்லை. வேண்டுமானால் அவளிடமே கையெழுத்து வாங்கி அனுப்புகிறேன். அவள் தங்கை தங்களைத் தொந்தரவு செய்திருந்தால் பொறுத்தருளவும். சிறு வயதிலிருந்தே அந்தப் பெண்ணுக்குக் கற்பனை அதிகம். தங்கள் உடல்நலம் பேணவும்.

தங்கள் உண்மையுள்ள,
மருந்துக்கடை உரிமையாளர்


ஜூலை 9

அடி என் ஊமைக்கோட்டான்,

எழுத்து கோணலாக இருக்கும், திட்டாதே. நான் உயிரோடு இருக்கிறேன். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

பழைய தையல் கடைக்காரியின் வீட்டில் இருந்து எழுதுகிறேன். அதுதான், வாயில் எப்போதும் குண்டூசியைக் கடித்துக்கொண்டிருப்பாளே, அவள். மாத்திரை இல்லாமல் உடம்பு உதறுகிறது, எதையும் சாப்பிட முடியவில்லை. நிற்க முடிந்ததும், வருகிற செவ்வாய் இல்லையென்றால் அதற்கடுத்த செவ்வாய் வேனில் வருகிறேன்.

உங்கள் ஆபீஸ் கடிதத்தை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். சிரித்துக்கொண்டேதான். "மலை மேல உனக்குத் திரை தைக்கற உத்தியோகம் வந்திருக்கு, போறியா?" என்றார். "நான் எங்கே போகப் போறேன்" என்றேன். அன்று ராத்திரியிலிருந்து மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துத் துப்ப ஆரம்பித்தேன். தூங்குவது போலப் படுத்துக்கிடப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் விரட்ட முடியாது.

காய்ச்சல் பரவியிருக்கும் சமயம் இது. சாயங்காலம் கடையில் நிற்க இடமிருக்காது. நாலு பேர் முன்னால் அவர் குரல் உயராது என்று எனக்குத் தெரியும். அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். அதை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுச் செருப்போடு, பை ஒன்றும் எடுக்காமல், அலமாரிகளுக்கு நடுவே நடந்து முன்பலகைக்கு வந்து நின்றேன். அவர் அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"எங்கம்மா கிளம்பிட்டே? படுத்துக்கோயேன்" என்றார். சர்க்கரை மாதிரி. கண் மட்டும் வேறே பேசியது.

எனக்கும் உன் வியாதி வந்துவிட்டது, நாக்கு எழவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ. அப்போது இருமிக்கொண்டிருந்த ஒரு கிழவர், "ஏம்பா, அந்தப் பொண்ணு வேர்த்துப்போய் நிக்குதே, வழியை விடேன். உன் கையென்ன பலகையில ஒட்டிக்கிச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்தபடியே பலகையைத் தூக்கினார். நான் கடந்தபோது காதருகே, "தூரம் போக மாட்டே" என்றார்.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றிருப்பேன்.

அவர் உனக்கு எழுதுவார். நான் அங்கே இல்லை, வரவும் இல்லை என்று எழுதிவிடு. அவருக்குக் கோபம் வராமல் எழுது. என்னால் அடுத்து என்ன என்று யோசிக்க முடியவில்லை. நீ நன்றாகச் சாப்பிடு.

உன் அக்கா


ஜூலை 25

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ நலமா? குளிர் அதிகமாக இருக்குமே. இங்கே வீடு வெறிச்சென்று இருக்கிறது, மற்றபடி நலம்.

உன் அக்கா கோபித்துக்கொண்டு எங்கேயோ போயிருக்கிறாள். கடைக்கு வருகிறவர்களிடம் உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. அவள் மருந்தை விட்டுவிட்டுப் போனதுதான் கவலை. அவளுக்குப் போக்கிடம் உன்னைத் தவிர வேறு இல்லை என்பது எனக்குத் தெரியாதா?

அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை சாமான் வேனில் நான் அங்கே வருகிறேன். ஓட்டுநரோடு பேசிவிட்டேன், நல்ல மனிதர். பகலில் உங்கள் இடத்தில் எல்லாரும் ஆழ்ந்து தூங்குவார்களாமே. ஒருவரையும் எழுப்பாமல் அவளை அழைத்துக்கொண்டு அதே வேனில் இறங்கிவிடுவேன். அவளுக்கான மாத்திரையும் கொண்டுவருகிறேன். நேரம் இருந்தால் உன் கிரகத்தையும் எனக்குக் காட்டு. அவள் அங்கே இல்லை என்று எழுதி என் மனதை நோகடிக்காதே. உன் உடம்பைப் பார்த்துக்கொள், மலையில் தனியாக இருக்கிறாய்.

உன் அத்தான்


ஜூலை 29

அத்தானுக்கு,

உங்கள் நலத்தைக் கேட்டுத் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை, விட்டுவிட்டேன்.

அக்கா இங்கே இருக்கிறாள். இல்லை என்று எழுதச் சொல்லித்தான் கேட்டுக்கொண்டாள். நானும் அப்படி ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு, வேனுக்குக் கொடுக்க வாசல் வரை போனேன். இல்லை என்று சொன்னால் அவள் இங்கேயும் ஒளிந்துதான் இருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் வரக் கூடாது, இருமக் கூடாது. அதற்கு உங்கள் வீடே போதுமே. உறையைக் கிழித்துவிட்டேன்.

நேற்று மாலை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு, உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு மேசை அருகே போய் நின்றேன். என்னிடம் தேநீர் கேட்டார்கள். நான் வாசித்தேன். முதல் வரி யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமா படிடி" என்றார் விடுதி அம்மா. திரும்பவும் முதலிலிருந்து வாசித்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன். மாத்திரை கொண்டுவருவதாக நீங்கள் எழுதியிருந்த இடம் வந்தபோது யாரும் சாப்பிடவில்லை. "என்ன மாத்திரை?" என்று ஒருவர் கேட்டார். அக்கா பின்னாலிருந்து பதில் சொன்னாள். அவள் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. மற்றதையெல்லாம் அவளே சொன்னாள், நின்று நின்று. ஓட்டுநரும் அங்கேதான் இருந்தார். வேன் பழுது என்பதால் இரவு தங்கியிருந்தார். அவர் முகம் கறுத்துவிட்டது.

இனி நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதமும் அந்த மேசையில் இப்படித்தான் வாசிக்கப்படும். கடைக்கு வருகிறவர்களுக்கும் வாசித்துக் காட்ட வேண்டுமென்றால், இப்போது என்னால் முடியும் என்று நினைக்கிறேன்.

கிரகத்தைக் காட்டச் சொன்னீர்கள். அதைக் காட்ட முடியாது. ஆய்வாளர் அக்கா சொன்னார், அதற்கு இன்னும் பல லட்சம் வருடங்கள் இருக்கின்றனவாம், ஆனால் தப்பிக்க வழி இல்லையாம். அதற்காகக் கேட்க ஆள் இல்லை. அலமாரிக் கதவில் நீங்கள் ஒட்டியது என் அறியாமை. அதைக் கிழித்துவிடுங்கள்.

அக்கா தேறிவிட்டாள் என்று பொய் சொல்ல மாட்டேன். கை இன்னும் நடுங்குகிறது. ஒரு திரையின் ஓரத்தை ஐந்து தடவை பிரித்துத் தைக்கிறாள். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டேன் என்கிறாள். வேன் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறாள். நீங்கள் சொன்னபடி வந்துவிடுவீர்கள் என்று அவளுக்குப் பயம். எனக்கும் பயம்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பகலில் இங்கே ஒருவரும் தூங்கப் போவதில்லை. ராத்திரி வேலை கெட்டாலும் பரவாயில்லை என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள். திரைகளை எல்லாம் விலக்கி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வந்தால், எல்லாரும் பார்க்கத்தான் நீங்கள் மலை ஏற வேண்டியிருக்கும்.

உங்களுக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்று அக்காவைக் கேட்டேன். ஒன்றும் இல்லையாம்.

இப்படிக்கு,
அவளுடைய தங்கை